பகடையைத் தொடாத வித்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அப்பாவின் தையல் கடையை மூடி ஆறு வருடமாகிறது. துணி வெட்டும் மேசையை மட்டும் விற்க மனம் வரவில்லை. சனிக்கிழமை மாலையில் அந்த மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். பெரும்பாலும் படிவம் மூன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள். செம்பனை ஆலையில் ஷிப்ட் முடித்துவிட்டு வருபவர்கள் இரண்டு பேர். கதைக்கு நடுவே சின்னச் சின்னக் கண்கட்டு வித்தைகள் காட்டுவேன். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளும், அவர்களுடைய அம்மாக்களும், ஈப்போவில் சொந்தமாக மேசை போட்ட நண்பர்களும் கேட்டவைதான் கீழே இருப்பவை. முடிந்தவரை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

முதல்ல, இது என்ன விளையாட்டு? இதுல வித்தைக்கு என்ன வேலை?

ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் காவல்காரனிடம் பொய் சொல்கிறேன்" என்று தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட விளையாட்டு இது. 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் தேவைப்படும். அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டார்கள், ஆகவே புத்தகம் வாங்காமலே தொடங்கலாம்.

கதை நடத்துபவருக்கு அங்கே டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். தமிழில் 'நடத்துநர்' என்று சொல்லிப் பார்த்தோம். டிக்கெட் கிழித்துக் கொடுப்பவர் மாதிரி இருந்தது. எல்லாரையும் வேலை வாங்கிவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்திருப்பவருக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டே என்று ஒரு பையன் சொன்னான். அன்றிலிருந்து நான் கங்காணி அக்கா. ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு, தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுவது போல, பெரட்டு. என் பாட்டி இருந்திருந்தால் கரண்டியைத் தூக்கியிருப்பார்.

வித்தைக்கு என்ன வேலை என்றால், "கிழவி கையை மூடித் திறந்தாள், காசைக் காணோம்" என்று வாயால் சொல்வது ஒன்று. கண்ணெதிரே 50 சென் காணாமல் போவது வேறொன்று. அந்த ஒரு நொடி மேசையில் யாரும் கைப்பேசியைப் பார்க்க மாட்டார்கள்.

கதையை நம்ம தோட்டத்துலயே வைக்கலாமா? கோட்டை, டிராகன் எல்லாம் இல்லாம?

வைக்கலாம். எங்கள் கதை நடப்பது ஒரு கற்பனை ரப்பர் தோட்டத்தில்தான். லயம், பால் கொட்டகை, துரை பங்களா எல்லாம் உண்டு. இரவில் மட்டும் மர நிரைகள் இடம் மாறிக்கொள்ளும். தோட்டத்தை யாரோ துண்டு போட்டு விற்கப் பார்க்கிறார்கள். உண்மையான பத்திரம் எங்கே என்று தேடுவதுதான் கதை. இது வானத்திலிருந்து விழுந்ததல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில்தான் நம் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்க, 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓடுகிறது.

ஒன்றை மட்டும் நான் தொடுவதில்லை. 1948 ஜூன் 16ல் இந்த ஊருக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தது. அதன் பிறகு இங்கே குடும்பங்கள் பட்டபாட்டைப் பகடை போட்டு முடிவு செய்ய எனக்குக் கை வரவில்லை.

எனக்குக் கை வேகமே இல்லைக்கா. எதுல ஆரம்பிக்கிறது?

கையே வேண்டாத வித்தையில் ஆரம்பியுங்கள். ஹார்ட்வேர் கடையில் நான்கு எண் சுழற்றும் பூட்டு ஒன்று வாங்கி, எண்ணை 1089 என்று வைத்து, ஒரு தகரப் பெட்டியைப் பூட்டிவிடுங்கள். எங்கள் கதையில் அது பழைய கிராணியின், அதாவது தோட்டத்துக் கணக்கரின், பெட்டி. அதன் அடியில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும்: "ஓர் எண்ணை நினை. திருப்பிப் போடு. பெரியதில் சிறியதைக் கழி. வந்ததையும் திருப்பிப் போட்டுக் கூட்டு."

விளையாடுபவர் மூன்று இலக்க எண் ஒன்றை நினைக்க வேண்டும். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறு வேறாக இருந்தால் போதும். 742 என்று வைத்துக்கொள்வோம். திருப்பினால் 247. கழித்தால் 495. அதைத் திருப்பினால் 594. இரண்டையும் கூட்டினால் 1089. அவர் தன் கையாலேயே பூட்டின் எண்களைச் சுழற்றட்டும். பூட்டு 'டக்' என்று விழும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

எந்த எண்ணை எடுத்தாலும் இப்படித்தான் வரும். முதல் கழித்தலில் எப்போதும் 99ன் மடங்குதான் கிடைக்கும். அதில் நடு இலக்கம் 9, ஓர இலக்கங்கள் இரண்டும் சேர்ந்தால் 9. திருப்பிக் கூட்டினால் 900, 180, 9. ஒரே ஓர் இடத்தில் சறுக்கும்: 332 மாதிரி எண்ணில் கழித்தால் வெறும் 99 வரும். அதை 099 என்று எழுதச் சொல்ல வேண்டும், அப்போதுதான் 990ஐக் கூட்டி 1089க்கு வரலாம். இதைச் சொல்ல மறந்து ஒருநாள் 198 என்ற விடையோடு ஒரு பெண் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ரெண்டாவது தடவை செஞ்சா கண்டுபிடிச்சிடுவாங்களே?

கண்டுபிடிப்பார்கள். அதனால் ஒரு கூட்டத்துக்கு ஒரே தடவைதான். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கெஞ்சுவார்கள். மைலோ போட எழுந்து போய்விடுங்கள்.

காசு வித்தைக்கு எந்தக் காசு நல்லது?

2012ல் வந்த புது 50 சென் சிறியது, குறுக்களவு 22.65 மில்லிமீட்டர்தான். பிள்ளைகளின் விரலுக்கு அது போதும். என் சிபாரிசு 1989ல் வந்த பழைய வரிசையின் 50 சென். வாவ் பட்டம் பொறித்த வெள்ளி நிறக் காசு. கிட்டத்தட்ட 28 மில்லிமீட்டர் இருக்கும். மேசையின் மறுகோடியில் இருப்பவருக்கும் தெரியும், உள்ளங்கையிலும் நன்றாக உட்காரும். வீட்டு உண்டியலைக் குலுக்கினால் இரண்டு மூன்று விழும்.

முதலில் பழக வேண்டியது பிரெஞ்சு டிராப். இடது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். காசை அதன் ஓரங்களில், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடியுங்கள். வலது கை அதை எடுக்க வருவது போல வந்து மூடுகிறது, வலது கட்டைவிரல் காசுக்கு அடியில் நுழைகிறது. அந்த மறைவில் இடது கட்டைவிரலைத் தளர்த்தினால் காசு இடது உள்ளங்கையிலேயே விழுந்துவிடும். வலது கை எதையோ எடுத்துவிட்டது போல மூடியபடி நகர்ந்து போகும்.

செய்முறை இவ்வளவுதான். வித்தை இருப்பதோ கண்ணில். நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் அவர்களும் பார்ப்பார்கள். வலது கையில் காசு இருப்பதாக நீங்களே நம்பி, அதையே பார்த்துக்கொண்டு போக வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது வலது கையை விரித்துக் காட்டி "காணோம்!" என்றேன். படிவம் மூன்று பையன் ஒருவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "இடது கை ஏன்க்கா கட்டு போட்ட மாதிரி நிக்குது?" என்றான். கை விறைத்துப் போயிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. இப்போது காசு விழுந்த கையாலேயே பென்சிலை எடுப்பேன், அல்லது ஒரு பக்கத்தைப் புரட்டுவேன். அதுபோல ஏதாவது வேலை கொடுத்துவிட்டால் கை தானாக இளகும்.

கண்ணாடி முன்னாடி எத்தனை நாள் பழகணும்?

கண்ணாடியை நம்பாதீர்கள். காசு விழும் அந்த நொடியில் உங்கள் கண் தானாகச் சிமிட்டிக்கொள்ளும், தப்பு உங்களுக்கே தெரியாது. கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். எனக்குப் பிரெஞ்சு டிராப் கைக்கு வர மூன்று வாரம் ஆனது, அதுவும் தினம் பத்து நிமிடம், சோறு வேகும் நேரத்தில்.

சீட்டுக்கட்டுல ஏதாச்சும் சொல்லிக் கொடுங்களேன். ஆனா வீட்ல சீட்டுன்னாலே சூதாட்டம்னு திட்டுறாங்க.

திட்டுபவர்கள் காரணமில்லாமல் திட்டவில்லை. சம்பள நாள் சீட்டாட்டத்தில் போன குடும்பங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எங்கள் மேசையில் நாங்களே அட்டையில் வெட்டிய சீட்டுகள்தான். எண்களுக்குப் பதிலாகப் பால் வாளி, உளி, ஆந்தை, பிரம்பு, நிலா என்று படம் வரைந்திருக்கிறோம். வித்தைக்கு இது போதும், அம்மாக்களும் எதுவும் சொல்வதில்லை. ஒரே அளவில் வெட்டத் தையல்காரர் கத்தரி உதவியது.

எளிதான வழி, நீங்கள் நினைத்த சீட்டை மற்றவர் தானாக எடுத்தது போல எடுக்க வைப்பது. ஆந்தைச் சீட்டைக் கட்டின் மேலே வையுங்கள். எதிரில் இருப்பவரைக் கட்டை வெட்டி, மேல்பாதியைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மிச்சமுள்ள கீழ்ப்பாதியை எடுத்து அதன்மேல் குறுக்காக, சிலுவை போல வைத்துவிடுங்கள். இப்போது அவசரப்படக் கூடாது. "நீ எங்கே வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம் இல்லையா? குறி சொல்லும் கிழவி உன் கண்ணையே பார்க்கிறாள்" என்று அரை நிமிடம் கதை அளக்க வேண்டும். அதற்குள் எந்தப் பாதி எது என்பது அவர் மனதில் கலைந்துவிடும். பிறகு மேலே இருக்கும் பாதியைத் தூக்கி, "நீ வெட்டிய இடத்துச் சீட்டைப் பார்" என்று இப்போது அடியில் இருக்கும் பாதியின் மேல் சீட்டைக் காட்டுங்கள். அது நீங்கள் முதலில் வைத்த ஆந்தையேதான். நம்பவே முடியாத அளவு அப்பட்டமான ஏமாற்று. அந்த அரை நிமிடப் பேச்சு இல்லாவிட்டால் ஐந்து வயதுக் குழந்தையும் பிடித்துவிடும்.

அது ஏமாத்துறது இல்லையா? விளையாட்டுல கங்காணியே ஏமாத்தலாமா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

இந்த விளையாட்டில் 1975லிருந்தே ஒரு மாயச் சீட்டுக்கட்டு உண்டு. அதிலிருந்து எடுக்கும் சீட்டு ஒருவனுக்குப் புதையலும் கொடுக்கலாம், உயிரையும் எடுக்கலாம். போன வருடம் அதைப் போலவே ஒரு விதிக் கட்டு செய்தேன். கதையில் அந்த வாரம் யாராவது சாக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். மேலே சொன்ன வெட்டை வைத்து, பிரம்புச் சீட்டை ஒரு பையனின் கையில் வரவைத்தேன். அவன் எட்டு மாதம் வளர்த்த பாத்திரம் பால் கொட்டகையில் செத்தது. மேசை முழுக்க அமைதி. அவனே கைதட்டினான். எனக்குப் பெருமையான பெருமை.

இரண்டு வாரம் கழித்து, பிள்ளைகள் கேட்டார்களே என்று, அதே வெட்டு எப்படி என்பதைச் சொல்லிக் கொடுத்தேன். அவன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை செய்து பார்த்தான். மூன்றாவது தடவை நிமிர்ந்து, "அப்ப நீங்கதான் கொன்னீங்க" என்றான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பகடையால் செத்திருந்தால் யாரையும் குறை சொல்ல மாட்டான். நான் செய்தது சகுனி வேலை. சகுனி பகடையை உருட்டியதால் அல்ல, எதிரில் இருப்பவன் அதைப் பகடை என்று நம்பி உட்கார்ந்ததால்தான் அது பாவமானது. இப்போதெல்லாம் ஏற்கெனவே முடிவான ஒன்றைக் காட்டுவதற்கு மட்டும்தான் வித்தையைத் தொடுகிறேன். கடிதம் எந்த லயத்திலிருந்து வந்தது, கிழவியின் கனவில் வந்த பறவை எது என்று நான் வாயால் சொல்லியிருக்க வேண்டியதைச் சீட்டு சொல்லும். யார் பிழைப்பார், அடி விழுமா, கதவு திறக்குமா என்றால் சீட்டுக்கட்டு உள்ளே போய்விடும், பகடை மேசையின் நடுவில் எல்லாரும் பார்க்க உருளும். என் பகடையும் அப்படித்தான். முன்பு ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் உருட்டுவேன். அதை எடுத்துவிட்டேன்.

அப்ப பகடையை வச்சு வித்தையே செய்யக் கூடாதா?

உருட்டி முடிவெடுக்கும் பகடையில் கூடாது. சும்மா இருக்கும் பகடையில் அழகான ஒன்று உண்டு. சாதாரண ஆறுமுகப் பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் 7. மூன்று பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் திரும்பிக்கொள்ளுங்கள். மறைந்திருக்கும் ஐந்து முகங்களின் கூட்டுத்தொகையைக் கிழவி சொல்லுவாள். திரும்பி வரும்போது மேல் முகத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும்: 21ல் அதைக் கழியுங்கள். மேலே 4 என்றால் விடை 17. ஒவ்வொரு பகடையாக எடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான இருபதுமுகப் பகடையிலும் எதிர்முகங்கள் சேர்ந்து 21 என்பதால், மேலே 14 இருந்தால் அடியில் 7 என்று பார்க்காமலே சொல்லலாம்.

ஆளை அசையவிடாம கட்டிப்போடற மந்திரம் இருக்கே, அதை நிஜமா காட்ட முடியுமா?

முடியும், ஒற்றை விரலால். ஒருவரை நாற்காலியில் முதுகு சாய, பாதம் இரண்டும் முன்னால் தரையில் பட, கைகட்டி உட்காரச் சொல்லுங்கள். அவர் நெற்றியில் உங்கள் விரலை வைத்து, "எழு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். எழ முடியாது. எழுவதற்கு முதலில் தலையும் உடம்பும் முன்னால் சாய்ந்து, எடை பாதத்தின் மேல் வர வேண்டும். விரல் தடுப்பது அந்த முதல் சாய்வை மட்டும்தான், அதற்குப் பலமே தேவையில்லை. ஆலையில் பழக்குலை தூக்கும் அண்ணன் ஒருவரைப் பன்னிரண்டு வயதுப் பெண் இப்படி உட்கார வைத்தாள். கழுத்து வலி உள்ளவர்களிடம் வேண்டாம்.

இதே வகையில் பெயர் பெற்ற ஒரு வித்தை உண்டு. ரோபேர்-ஊடான் என்ற பிரெஞ்சு வித்தைக்காரரை 1856ல் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே மக்களிடம் செல்வாக்கோடு இருந்த மராபூத்துகள் என்ற இஸ்லாமியச் சமயப் பெரியவர்களைவிடத் தங்களுக்கே பெரிய சக்தி என்று காட்டத்தான். குழந்தையும் தூக்கும் சின்னப் பெட்டியைப் பலசாலி ஒருவன் தூக்க முடியாமல் திணறினான். பெட்டியின் அடியில் இரும்பு, மேடைக்கு அடியில் மின்காந்தம். வித்தையின் வரலாற்றில் இதைச் சாதனையாகச் சொல்வார்கள். தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதைப் படிக்கும்போது கைதட்டத் தோன்றாது. எங்கள் கதையில் அந்தப் பெட்டி துரை பங்களாவில் இருக்கிறது. தரைக்கு அடியில் ஒயர் ஓடுவதைப் பிள்ளைகளே தோண்டிக் கண்டுபிடித்தார்கள்.

நெருப்பு வித்தை? பொசுக்குன்னு எரியற பேப்பர் ஆன்லைன்ல கிடைக்குதே?

கிடைக்கும், வேண்டாம். அது நைட்ரோசெல்லுலோஸ், ஒரு பொறி பட்டால் போதும். பலகை வீடு, துணி மேசை, சுற்றிப் பிள்ளைகள்.

சூடு வேண்டுமென்றால் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சையைப் பிழிந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் வெள்ளைத்தாளில் எழுதிக் காயவிடுங்கள். காய்ந்தபின் வெறும் தாள்தான். நீராவி இல்லாமல் சூடாக்கிய இஸ்திரியை மேலே ஓட்டினால், சாறு பட்ட இடம் மற்ற இடத்தைவிட முந்திக் கருகிப் பழுப்பு எழுத்து எழும்பும். எங்கள் கதையின் நிலப்பத்திரம் இப்படித்தான் வந்தது. கிராணியின் பெட்டிக்குள் ஒரு வெள்ளைத்தாள், அவ்வளவுதான். ஏமாந்து தூக்கிப் போடப் போனவர்களில் ஒருத்தி மோந்து பார்த்தாள். அப்பாவின் பழைய இஸ்திரியில் அந்தத் தாள் தேய்க்கப்பட்டபோது எனக்கு வேறு ஏதேதோ ஞாபகம் வந்தது.

சாறு அதிகம் வைத்தால் தாள் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மழை நாளில் எழுதாதீர்கள், காயாது.

செப்படி வித்தை கத்துக்கலாமா?

செப்பு என்றால் சிமிழ். மூன்று சிமிழும் பந்துகளும் வைத்துச் செய்வதால்தான் அந்தப் பெயர். நான் பால் பிடிக்கும் மங்குகளைக் கவிழ்த்து வைத்துச் செய்கிறேன். மூன்று பந்து என்று காட்டி நான்கு வைத்திருப்பதே ரகசியம். தெரிந்துகொள்ளச் சுலபம், செய்யக் கஷ்டம். காசு கைக்கு வந்த பிறகு இதற்கு வாருங்கள்.

மந்திரம், மாயம்னு சாமி குத்தம் ஆயிடாதா?

இதைக் கேட்டவர் ஓர் அம்மா. நான் சிரிக்கவில்லை. விபூதி வரவழைப்பது, சாமி வந்தது போல ஆடுவது, நிஜ மனிதரின் எதிர்காலத்தைச் சொல்வது மூன்றையும் மேசைக்குக் கொண்டுவர மாட்டேன். முனியாண்டி கோயிலுக்குப் பயந்து அல்ல, அங்கே அழுபவர்களைப் பார்த்திருப்பதால். மலாய்ப் பையன் ஒருவன் சேர்ந்தபோது, சிஹிர், அதாவது சூனியம், என்று அவன் வீட்டில் நினைத்துவிடக் கூடாதே என்று, முதல் நாளே காசு வித்தையைச் செய்து, எப்படிச் செய்தேன் என்பதையும் காட்டிவிட்டேன். இப்போது எங்கள் மேசையில் அவன் கைதான் சுத்தம்.

நடுவுல மாட்டிக்கிட்டா?

ஒத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தவருக்கு நான் இன்ஸ்பிரேஷன் கொடுப்பேன். அது இருந்தால் இருபதுமுகப் பகடையை இரண்டு தடவை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். அதனால் இப்போது என் கையை எட்டு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. ஒருவகையில் நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

அந்தப் பையன் திரும்ப வந்தானா?

இரண்டு சனிக்கிழமை வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உன் ஆளைத் திரும்பக் கொண்டுவரவா?" என்றேன். "செத்தது செத்ததுதான்க்கா" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது சனிக்கிழமை புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டு வந்தான். ஒரு நொண்டிக் கிராணி.

சென்ற மாதம் புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். அவர்களுக்காகப் பெட்டியை மேசையில் வைத்து, 1089 கணக்கைச் சொல்லி, பூட்டைத் திருகச் சொன்னேன். திறக்கவில்லை. நானும் திருகினேன். திறக்கவில்லை. பழைய பிள்ளைகள் குனிந்து சிரிக்கிறார்கள், அவன் மட்டும் சிரிக்காமல் மூன்று பகடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். எண்ணை மாற்றியிருக்கிறான். "என்னடா நம்பர்?" என்று கேட்டதற்கு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான். லேசாக லீமாவ் வாசம் அடித்தது. நான் எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினேன்.